பெண்களின் தொழிலுக்கு வங்கி என்ன செய்யலாம்? வட்டிச் சலுகையைத் தாண்டி யோசனைகள் தேவை

தாமரைநூல் கேட்டது:

வணக்கம். நடுத்தர அளவிலான ஒரு வங்கியின் சிறுதொழில் கடன் பிரிவில் திட்டக் குறிப்பு ஒன்று தயாராகிறது. தொழில் நடத்தும் பெண்களுக்கும், பெண் தலைமைக்கும் வங்கி எப்படித் துணை நிற்கலாம் என்பதுதான் பொருள். இதுவரை மேசைக்கு வந்தவை வழக்கமான மூன்று: அரை சதவீத வட்டிக் குறைப்பு, தனி வண்ணத்தில் ஒரு டெபிட் கார்டு, மார்ச் 8 அன்று ஒரு விழா. இவற்றால் எதுவும் பெரிதாக நகராது என்று குழுவில் எல்லோருக்கும் தெரியும். அதற்குப் பதிலாக எதை வைப்பது என்பதில்தான் இழுபறி.

எந்த நிறுவனத்தைப் பெண்ணின் நிறுவனம் என்று கணக்கில் எடுப்பது? சொத்துப் பத்திரம் தன் பெயரில் இல்லாதவருக்கு எதை வைத்துக் கடன் கொடுப்பது, அதில் எங்கே சிக்கல் வரும்? வங்கிக்குள் பெண் அதிகாரிகள் மேலே வருவதையும் இதே குறிப்பில் சேர்க்கலாமா, அல்லது அது மனிதவளத் துறையின் வேலையா?

ஊக்க வார்த்தைகள் வேண்டாம். படிவம், விகிதம், நடைமுறை என்ற அளவில் பதில் கிடைத்தால் உதவியாக இருக்கும்.

பேரேடு பதில்:

வரையறையில் கோட்டை விட்டால் பின்னால் வரும் எல்லா எண்களும் பொய்யாகிவிடும். ஐஎஃப்சி என்ற சர்வதேச நிதிக் கழகத்தின் வரையறையைப் பல வங்கிகள் அப்படியே எடுத்துக்கொண்டிருக்கின்றன. பங்கில் 51 சதவீதமோ அதற்கு மேலோ பெண்களிடம் இருந்தால் அது பெண்ணின் நிறுவனம். அப்படி இல்லாவிட்டாலும், குறைந்தது 20 சதவீதப் பங்கு பெண்களிடம் இருந்து, தலைமைச் செயல் அதிகாரியாகவோ அவருக்கு அடுத்த செயல்பாட்டுத் தலைவராகவோ ஒரு பெண் இருந்து, இயக்குநர் குழு உள்ள நிறுவனமானால் அதில் 30 சதவீதம் பெண்களாகவும் இருந்தால் அதுவும் சேரும். இரண்டாவது வழியை விட்டுவிடாதீர்கள். முதலீட்டாளருக்குப் பங்கு கொடுத்து வளர்ந்தவர் 51க்குக் கீழே இறங்கிவிடுவார். வளர்ந்த குற்றத்துக்காக அவரைப் பட்டியலிலிருந்து எடுப்பது என்ன நியாயம்?

எதிர்ப்பக்கத்தில் இருப்பது பினாமிச் சிக்கல். சலுகை என்று அறிவித்த உடனேயே கணவரோ அண்ணனோ நடத்தும் தொழில் மனைவி பெயருக்கோ தங்கை பெயருக்கோ மாறும். இதைப் பத்திரத்தை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. கணக்கை இயக்கும் கையெழுத்து யாருடையது, சரக்கு தருபவரிடம் விலை பேசுவது யார், பெரிய வாடிக்கையாளர் மூன்று பேரின் பெயரும் அவர்கள் தர வேண்டிய பாக்கியும் யாருக்கு மனப்பாடம் என்று கள ஆய்வின்போது சாதாரணப் பேச்சாகவே கேட்டுவிடலாம். விசாரணை போல நடத்தினால் உண்மையான தொழில்முனைவோரும் ஓடிவிடுவார்கள். ஆண் விண்ணப்பதாரரிடம் கேட்காத எதையும் இவரிடம் கேட்கக் கூடாது என்பதை விதியாகவே எழுதி வையுங்கள்.

அடுத்து தரவு. தனிநபர் வாடிக்கையாளருக்குப் பாலினக் கட்டம் நிரம்பியிருக்கும், நிறுவன வாடிக்கையாளருக்கு அது காலியாகக் கிடக்கும். நிறுவனத்தோடு இணைந்த ஒவ்வொருவரின் பங்கு, பதவி, பாலினம் மூன்றையும் தனி அட்டவணையாக வைத்து, கேஒய்சி என்ற வாடிக்கையாளர் அடையாள விவரங்களைப் புதுப்பிக்கும்போது நிரப்பிக்கொண்டே வரலாம். ஒரே நாளில் முடிக்கும் வேலை இல்லை. இங்கே இரண்டு பழைய பிழைகள் உண்டு. மென்பொருளில் காலிக் கட்டம் தானாக 'ஆண்' என்று நிரம்புவது ஒன்று. கூட்டுக் கணக்கை முதல் பெயருக்குரியவர் கணக்காக மட்டும் எண்ணுவது இன்னொன்று. இரண்டும் பெண்களின் எண்ணிக்கையைக் குறைத்துக் காட்டும், அதை வைத்து 'இதில் சந்தையே இல்லை' என்று மேலிடம் முடிவு கட்டும்.

எந்த எண்களை எடுப்பது? விசாரித்து வந்தவர்கள், விண்ணப்பம் வாங்கியவர்கள், நிரப்பிக் கொடுத்தவர்கள், அனுமதி பெற்றவர்கள், பணம் வாங்கியவர்கள், இரண்டாம் கடனுக்குத் திரும்பி வந்தவர்கள் என்று ஆறு படி. ஒவ்வொன்றிலும் ஆண், பெண் தனித்தனியாக. கூடவே கேட்ட தொகைக்கும் அனுமதித்த தொகைக்கும் உள்ள விகிதம், கடனுக்கு எத்தனை மடங்கு பிணை கேட்கப்பட்டது, விண்ணப்பத்திலிருந்து பணம் கைக்கு வர ஆன நாட்கள், 90 நாளுக்கு மேல் தவறிய கணக்குகள். பல இடங்களில் நிராகரிப்பு விகிதம் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். அதைப் பார்த்து பாகுபாடு இல்லை என்று சொல்லிவிடுவார்கள். இழப்பு அதற்கு முந்தைய படியில், விண்ணப்பத்தை வாங்கிப் போய்த் திரும்பி வராதவர்களில் இருக்கும். அதை யாரும் எண்ணுவதில்லை. எண்ணிக்கையோடு தொகையையும் பாருங்கள். நூறு சிறு கடன்கள் கொடுத்து அறிக்கையில் பங்கு உயர்ந்தது போலக் காட்டுவது எளிது.

உங்கள் நாட்டுச் சட்டத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் 1974ஆம் ஆண்டின் சமக் கடன் வாய்ப்புச் சட்டத்தின் கீழ் வந்த விதிகள் கடன் கேட்பவரின் பாலினத்தைக் கேட்பதையே பொதுவாகத் தடுத்தன. பிறகு 2010ஆம் ஆண்டின் டாட்-ஃப்ராங்க் சட்டம், 1071ஆம் பிரிவில், சிறுதொழில் கடனுக்கு அதே விவரத்தைத் திரட்டச் சொன்னது; ஆனால் கடனை மதிப்பிடும் அதிகாரியின் கண்ணில் அது படாதபடி முடிந்தவரை பிரித்து வைக்க வேண்டும். அந்தத் தடுப்பு நல்ல யோசனை. சட்டம் கேட்காத நாட்டிலும் செய்யலாம். மறுபக்கம், சிலியில் வங்கி ஒழுங்குமுறை அமைப்பு 2002 முதலே பாலின வாரியான தரவை வாங்கி வெளியிட்டு வருகிறது. 2023இல் வந்த வீ ஃபைனான்ஸ் கோட் என்ற, பெண் தொழில்முனைவோருக்கான பன்னாட்டு நெறித்தொகுப்பில் சேர்ந்தால் உயர் பதவியில் ஒருவரைப் பொறுப்பாக்குவது, தரவைத் திரட்டிப் பகிர்வது, அதை வைத்துச் செயலில் இறங்குவது என மூன்று கடமைகள் வரும். மேலிடத்திடம் தரவுக்குப் பணம் கேட்க இது நல்ல பிடிமானம்.

வரவுசெலவு பதில்:

பேரேடு தரவை நல்லா விளக்கிட்டாங்க. நான் பிணைக்கு வர்றேன்.

நிலம் இல்லன்னா சொத்தே இல்லன்னு அர்த்தம் கிடையாது. மெஷின் இருக்கு, சரக்கு இருக்கு, வர வேண்டிய பாக்கி இருக்கு. வங்கி இதை எடுக்கத் தயங்குறதுக்கு உண்மையான காரணம், அதே மெஷினை இன்னொரு இடத்துலயும் அடமானம் வச்சிருக்காங்களான்னு தெரியாததுதான். அசையும் சொத்துக்குத் தனிப் பதிவேடு இருக்கிற நாட்டுல இந்தப் பயம் வேண்டாம். யார் முதல்ல பதிவு பண்ணாங்களோ அவங்களுக்கு முன்னுரிமை. கானாவில் 2010லயே இப்படி ஒரு பதிவேடு வந்துச்சு. உங்க நாட்டுல இருந்தா, தேடுறதுக்கும் பதிவு பண்றதுக்கும் கிளையில ஒருத்தருக்காவது பயிற்சி கொடுங்க. பதிவேடு இருந்தும் அதைத் திறக்கத் தெரியாததால நிலப்பத்திரம் கேக்குற கிளைகள் நிறைய.

பணவரவை வச்சுக் கடன் கொடுக்கிற முறை இப்படி. 12 மாத வங்கி வரவு, கைபேசி வழி வந்த பணம், சரக்கு வாங்கின பில், மூணையும் ஒண்ணோட ஒண்ணு ஒப்பிடுங்க. அதிகமா வந்த ஒரு மாசத்தையும் குறைவா வந்த ஒரு மாசத்தையும் விட்டுட்டு மீதி பத்து மாசத்துக்குச் சராசரி எடுங்க. மாச விற்பனை 100ன்னா சரக்குக்கு 68, வாடகை, கூலி, மின்சாரம் 14, வீட்டுச் செலவுக்கு எடுக்கிறது 8. மிச்சம் 10. கணக்குப் புத்தகம் சரியா இல்லாத தொழிலுக்குத் தவணை அந்த 10ல பாதிக்கு மேல போகக் கூடாது. தணிக்கை செஞ்ச கணக்கு இருந்தா, மிச்சம் தவணையைப் போல 1.25 மடங்கு இருக்கான்னு பாக்கலாம், அதாவது தவணை 8 வரைக்கும். வீட்டுச் செலவு 8ஐ விட்டுடுற அதிகாரிதான் தவறிப்போகிற கடனை உருவாக்குறார். அதே நேரம் வீட்டுல வேற வருமானம் இருந்தா அதையும் கேட்டு எழுதணும், இல்லன்னா தாங்கும் சக்தியைக் குறைச்சுப் போட்டு, கேட்டதில் பாதி தொகையைக் கொடுப்பாங்க. பாதித் தொகையில மெஷினும் வராது, சரக்கும் வராது. கடன் மட்டும் இருக்கும்.

இதுலயே பெரிய தவறு ஒண்ணு இருக்கு, எல்லா இடத்துலயும் நடக்குது. சரக்குக்குப் பணம் கேக்குறவங்களுக்கு மாதத்தவணைக் கடன் கொடுக்கிறது. கணக்குப் பாருங்க: சரக்கு கையில நிக்கிறது 45 நாள், வித்த பிறகு பணம் வர 60 நாள், ஆக வாங்கின நாள்ல இருந்து 105ஆம் நாள்தான் பணம் வரும். சரக்குக் கொடுத்தவருக்கு 30 நாள்ல கட்டணும். இடைவெளி 75 நாள். ஒரு நாள் செலவு 1,000ன்னா தேவை 75,000, அதுல கால் பங்கு அவங்க போட்டா வங்கி வரம்பு 56,250. இதுக்கு, வேணும்போது எடுத்துப் பணம் வந்ததும் கட்டுற ஓவர்டிராஃப்ட் மாதிரி ஒரு நடப்பு வரம்புதான் பொருந்தும். 30ஆம் நாள் தவணைக் கடனைக் கொடுத்தா 60லயும் 90லயும் தவணை வந்து நிக்கும், வித்த பணம் 105லதான். அந்த ரெண்டு தவணையும் எங்கிருந்து வரும்? வெளிக்கடன்ல இருந்து. அப்புறம் 'கட்டுப்பாடு இல்லை'ன்னு கோப்புல எழுதுவோம்.

பெரிய நிறுவனத்துக்குச் சப்ளை பண்றவங்களா இருந்தா இன்வாய்ஸ் மேல கடன் கொடுங்க. அதுலயும் வாங்குற நிறுவனம் பில்லை ஏத்துக்கிட்டேன்னு உறுதி சொன்ன பிறகு கொடுக்கிற முறையில, ஆபத்து பெரிய நிறுவனத்தோடது. விக்கிறவங்க பேர்ல வீடு இருக்கா இல்லையாங்கிற கேள்வியே எழாது. மெக்சிகோவில் நாஃபின்ங்கிற அரசு வளர்ச்சி வங்கி 2001லேர்ந்து இணையம் வழியா இதைச் செஞ்சுச்சு.

கடன் திரும்பி வராம போனா இழப்புல ஒரு பங்கை வங்கிக்குத் தர்ற உத்தரவாத நிதியைப் பத்தி ஒரு எச்சரிக்கை. '70 சதவீதம் உத்தரவாதம்'னு விளம்பரம் இருக்கும். ஒப்பந்தத்துல உள்ளே போனா, மொத்தத் தொகுப்புல 10 சதவீத இழப்பு வரைக்கும்தான்னு உச்ச வரம்பு போட்டிருப்பாங்க. 100 கடன் கொடுத்தா அவங்க தரக்கூடியது அதிகபட்சம் 7. இதை எழுபதுன்னு நினைச்சு விலை போட்டா அடி. இழப்பு வந்த முதல் ரூபாயிலிருந்தே அவங்க தாங்குறாங்களா, இல்ல ஒவ்வொரு இழப்பையும் உங்களோட விகிதப்படி பங்கிடுறாங்களான்னும் பாருங்க. இன்னொண்ணு, உத்தரவாதம் இருந்தும் கிளை மேலாளர் 'பாதுகாப்புக்கு'ன்னு நிலத்தையும் கேப்பார். உத்தரவாதக் கட்டணத்தையும் வாங்கிட்டு நிலத்தையும் வாங்கினா அந்தத் திட்டம் யாருக்காக? இந்த வகைக் கடன்ல கூடுதல் பிணை பதிவானா அனுமதியை நிறுத்துற மாதிரி மென்பொருள்லயே தடை போடுங்க.

கடைசியா, கணவர் கையெழுத்து. கொள்கையில இருக்காது, சரிபார்ப்புப் பட்டியல்ல இருக்கும். திருமண நிலை, கணவர் தொழில், கணவர் வருமானம்னு மூணு கட்டம் இருந்தா அதிகாரி நிரப்பத்தான் செய்வார். கட்டத்தையே எடுத்துடுங்க. ஜாமீன்தாரர் வேணும்னா தகுதியுள்ள யாரும் வரலாம், ஏன் வேணும்னு ஒரு வரி எழுதணும். அமெரிக்கச் சட்டத்துல நிராகரிப்பைப் பொதுவா 30 நாளுக்குள்ள தெரிவிக்கணும். காரணத்தையும் தரணும், இல்லன்னா காரணம் கேக்கிற உரிமையைச் சொல்லணும். நீங்க அதுக்கு மேல ஒரு வரி சேருங்க: எதை மாத்திட்டு எப்ப திரும்ப வரலாம். அந்தக் கடிதம் வாங்கினவங்கதான் அடுத்த வருஷத்து நல்ல வாடிக்கையாளர்.

அரைப்புள்ளி பதில்:

வட்டிக் குறைப்பை நான் முழுதாகவே எதிர்க்கிறேன். 1,00,000 கடன், 36 மாதம். 12 சதவீதத்தில் மாதத் தவணை 3,321. 11.5 சதவீதத்தில் 3,298. மாதம் 23, 24தான் மிச்சம். மூன்று ஆண்டுக்கும் சேர்த்து சுமார் 860. கடையைப் பூட்டிவிட்டு நான்கு முறை கிளைக்கு அலைந்தால் அதைவிட அதிகம் போய்விடும். சலுகை பினாமிகளை இழுக்கும், கிளைக்கு அந்தக் கணக்கு நட்டக் கணக்காகத் தெரியும், அடுத்த ஆண்டு பட்ஜெட்டில் முதலில் வெட்டப்படுவதும் அதுவே. அந்தப் பணத்தை நடைகளைக் குறைக்கச் செலவழியுங்கள். முதல் சந்திப்பிலேயே முழு ஆவணப் பட்டியல், ஒருமுறை கொடுத்ததைத் திரும்பக் கேட்கக் கூடாது, குறிப்பிட்ட தொகை வரை ஏழு வேலை நாளில் ஆம் அல்லது இல்லை.

யாரும் சொல்லாத ஒன்று: ஓடிபி யாருடைய கைபேசிக்குப் போகிறது? கணக்கு அவர் பெயரில், பதிவான எண் கணவருடையது அல்லது மகனுடையது என்றால் அந்தக் கணக்கு அவருடையது இல்லை. எவ்வளவு வந்தது, எவ்வளவு எடுத்தது என்று ஒவ்வொரு குறுஞ்செய்தியும் வீட்டுக்கு அறிவிப்பு. புதுக் கடன் கொடுக்கும் முன் எண்ணைச் சரிபார்த்து, தனி எண் இல்லாதவருக்கு அவரே இயக்கக்கூடிய மாற்று வழி ஒன்றைத் தர வேண்டும். இது சின்ன விஷயம் இல்லை. உகாண்டாவில் நடந்த கள ஆய்வில், கடனை ரொக்கமாக வாங்கிய பெண்களைவிட அவரவர் கைபேசிப் பணக் கணக்கில் வாங்கியவர்களின் தொழில் லாபம் கூடுதலாக இருந்தது. பணத்தைப் பகிரச் சொல்லி வீட்டில் நெருக்குதல் உள்ளவர்களுக்கு அந்தப் பலன் அதிகம்.

பயிற்சி வகுப்பைப் பற்றியும் கேள்வி வரும். கணக்கு எழுதுவது எப்படி என்ற வழக்கமான வகுப்பை மட்டும் நடத்தி நிறுத்திவிட்டால் பலன் குறைவு. டோகோவில் சிறுதொழில் செய்பவர்களை வைத்து நடந்து 2017இல் வெளியான ஆய்வில், தானே முன்வந்து வாய்ப்பைத் தேடும் மனப்பாங்கைப் பழக்கிய பயிற்சி லாபத்தை 30 சதவீதம் உயர்த்தியது. வழக்கமான தொழில் பயிற்சியால் வந்தது 11 சதவீதம், அதுவும் புள்ளியியல்படி உறுதியில்லாத அளவு. வகுப்பு நடத்தித்தான் ஆக வேண்டும் என்றால் கடை திறக்கும் நேரத்தில் வைக்காதீர்கள், குழந்தையோடு வர இடம் கொடுங்கள்.

தாமரைநூல்:

மூவருக்கும் நன்றி. படிவத்திலிருந்து அந்த மூன்று கட்டங்களை எடுப்பது நாளைக்கே பேசக்கூடியது. இரண்டு தடைகள் மட்டும் கண்ணுக்குத் தெரிகின்றன. ஒன்று, கடன் அதிகாரிகளுக்கு இன்சென்டிவ் கொடுத்த தொகையை வைத்துத்தான். பத்துச் சிறு கடனுக்கு அலைவதைவிட ஒரு பெரிய கடன் லாபம் என்று அவர்கள் சொல்வதில் தவறில்லை. இரண்டு, குழுக்கடனில் நன்றாகக் கட்டியவர்கள் தனிக்கடன் கேட்டு வருகிறார்கள், அவர்களுக்கு எங்கள் அமைப்பில் வரலாறே இல்லை என்று காட்டுகிறது.

வரவுசெலவு:

இன்சென்டிவ்தான் உண்மையான கொள்கை, மத்ததெல்லாம் சுவரொட்டி. தொகைக்குப் பாதி, எண்ணிக்கைக்குப் பாதின்னு மாத்துங்க. எண்ணிக்கைப் பங்குல முதல்முறை கடன் வாங்குற பெண் வாடிக்கையாளருக்கு ஒன்றரை மடங்கு எடை. ஆனா இன்சென்டிவ் பணத்தை மொத்தமா உடனே கொடுக்காதீங்க. பாதியைக் கடன் கொடுத்தப்போ, மீதியை ஆறாவது தவணை ஒழுங்கா வந்த பிறகு. இல்லன்னா டார்கெட்டுக்காக மார்ச் மாசக் கடைசி வாரத்துல கண்ணை மூடிக்கிட்டுக் கொடுப்பாங்க, அடுத்த வருஷம் 'பெண்களுக்குக் கொடுத்தா வாராக்கடன்'னு பேரு வரும். சிறு கடனுக்குக் கோப்பு வேலையும் குறையணும். பெரிய கடனுக்கு உள்ள அதே 20 பக்கத்தைச் சின்னதுக்கும் கேட்டா எந்த இன்சென்டிவும் வேலை செய்யாது.

குழுக்கடன் விஷயம். கடன் தகவல் நிறுவனத்துல குழுவோட பேர்ல மட்டும் பதிவு இருந்தா தனி வரலாறு தெரியாது. நுண்கடன் நிறுவனத்திடமிருந்து அந்த உறுப்பினரோட தவணை வாரியான அட்டவணையை, அவங்க சம்மதக் கையெழுத்தோட வாங்குங்க. 24 மாசம் தவறாம கட்டியிருந்தா அதைத் தனிக்கடன் வரலாறா ஏத்துக்கலாம். முதல் தனிக்கடன் கடைசிக் குழுக்கடனைவிட ஒன்றரையிலேர்ந்து ரெண்டு மடங்குக்குள்ள இருக்கட்டும். ஒரே தாவலில் ஐந்து மடங்கு போனா தொழில் தாங்காது. ஆனா குழுக்கடனோட வாராந்திரத் தவணையை இங்கே கொண்டு வராதீங்க. இந்தியாவுல பெண் கடன்தாரர்களை வச்சு நடந்த ஆய்வு ஒண்ணுல, தவணை தொடங்கும் முன்னாடி ரெண்டு மாசம் அவகாசம் கொடுத்தப்போ தொழில்ல முதலீடும், பின்னாடி லாபமும் கூடுச்சு. தவறினவங்களும் கொஞ்சம் கூடினாங்க. ரெண்டையும் சேர்த்துத்தான் விலை போடணும், ஒரு பாதியை மட்டும் மேலிடத்துக்குக் காட்டாதீங்க.

மூன்றாம்மாடி பதில்:

மூன்றாவது கேள்வியை யாரும் தொடவில்லை, அதனால் எழுதுகிறேன். தலைமையை இந்தக் குறிப்பில் சேர்க்கத்தான் வேண்டும். ஆனால் 'பெண் ஊழியர் எத்தனை சதவீதம்' என்ற எண்ணை வைத்து அல்ல. அந்த எண் எப்போதும் நன்றாகவே இருக்கும், ஏனென்றால் கவுன்டரிலும் வாடிக்கையாளர் சேவையிலும் பெண்கள் நிறைய.

கடன் அனுமதிக்கும் அதிகாரம் உள்ளவர்களில் பெண்கள் எத்தனை பேர்? லாப நட்டப் பொறுப்புள்ள பதவிகளில் எத்தனை? வங்கியின் உச்சிக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் கடன், கருவூலம், கிளை வலையமைப்பு, ஏதாவது ஒரு வணிகப் பிரிவு இவற்றிலிருந்துதான் போகிறார்கள். பெண்களோ மனிதவளம், சட்ட இணக்கம், விளம்பரம் ஆகியவற்றில் குவிகிறார்கள். அங்கிருந்து மேலே போகும் ஏணி பாதியில் முடிந்துவிடுகிறது. 2021இல் சிட்டி குழுமத்தின் தலைமைச் செயல் அதிகாரியான ஜேன் ஃப்ரேசர் அதற்கு முன் லத்தீன் அமெரிக்க வணிகத்தையும் உலகளாவிய நுகர்வோர் வங்கிப் பிரிவையும் நடத்தியவர். ஆகவே பதவி உயர்வுக்கு முன் ஐந்தாறு ஆண்டு பின்னே போய், யாரைக் கடன் பிரிவுக்கு மாற்றுகிறோம் என்பதில் கை வைக்க வேண்டும்.

இருக்கும் எண்ணிக்கையை விட நகர்வைப் பாருங்கள். ஒவ்வொரு நிலையிலும் தகுதி பெற்றவர்களில் விண்ணப்பித்தவர், தேர்வானவர் எத்தனை, ஆண் பெண் தனித்தனியாக. இரண்டு இடங்களில் கசியும். ஒன்று கட்டாய டிரான்ஸ்ஃபர். பதவி உயர்வோடு வெளியூர் மாற்றம் தானாக வரும் என்றால் பலர் உயர்வையே மறுப்பார்கள், அது 'அவருக்கே விருப்பமில்லை' என்று கோப்பில் பதிவாகும். மாற்றத்தை மூன்று ஆண்டுக்குள் தாங்களே தேர்ந்தெடுக்கும் நேரத்தில் முடிக்கலாம் என்று விட்டால் மறுப்பு குறையும். மற்றொன்று பேறுகால விடுப்பு. ஆறு மாதம் விடுப்பில் இருந்தவருக்கு முழு ஆண்டு டார்கெட்டை வைத்து மதிப்பெண் போட்டால் அவர் கீழே போவது கணிதம். டார்கெட்டை வேலை செய்த மாதங்களுக்கு ஏற்ப வெட்டுங்கள், அது முடியாத வேலை என்றால் முந்தைய இரண்டு ஆண்டு மதிப்பீட்டின் சராசரியைக் கொடுங்கள். அதோடு, விடுப்பில் போகும்போது அவர் கையாண்ட பெரிய கணக்குகள் இன்னொருவருக்குப் போய் அங்கேயே தங்கிவிடும். திரும்பி வருபவருக்குக் கிடைப்பது யாரும் வேண்டாம் என்று விட்டவை. எந்தெந்தக் கணக்கு எந்தத் தேதியில் திரும்பும் என்று விடுப்புக்கு முன்பே எழுதி இருவரும் கையெழுத்திட வேண்டும். இந்த ஒரு தாள் செய்யும் வேலையைப் பத்து வழிகாட்டல் கூட்டம் செய்யாது.

நேர்காணலுக்கு இறுதிப் பட்டியலில் ஒரே ஒரு பெண்ணைச் சேர்ப்பது பெரும்பாலும் சடங்காகிவிடும். இரண்டு பேர் இருக்கட்டும்.

இயக்குநர் குழு ஒதுக்கீட்டை நம்பி மற்றதை விட்டுவிடாதீர்கள். நார்வே 2003இல் சட்டம் போட்டு, பொதுப் பங்கு நிறுவனங்களின் இயக்குநர் குழுவில் 40 சதவீதத்தை 2008க்குள் எட்டியது. குழுவின் தரம் குறையவில்லை. ஆனால் அதே நிறுவனங்களில் கீழே வேலை செய்த பெண்களின் சம்பளத்திலோ முன்னேற்றத்திலோ பெரிய மாற்றம் தெரியவில்லை என்று பின்னர் ஆய்ந்தவர்கள் கண்டார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2022ஆம் ஆண்டு நெறிமுறையும் 2026 ஜூன் இறுதிக்குள் பட்டியலிட்ட பெரிய நிறுவனங்களில் அன்றாட நிர்வாகத்தில் இல்லாத செயல்சாரா இயக்குநர்களில் 40 சதவீதம், அல்லது மொத்த இயக்குநர்களில் 33 சதவீதம் கேட்கிறது. நல்லது. வேர் மட்டும் கடனை அனுமதிக்கும் கடன் குழுவில் இருக்கிறது.

வங்கியே பொருளும் சேவையும் வாங்கும் நிறுவனம் என்பதையும் மறக்க வேண்டாம். அச்சு, துப்புரவு, மென்பொருள், கட்டட வேலை எல்லாவற்றையும் வெளியில் கொடுக்கிறோம். டெண்டரில் கடந்த மூன்று ஆண்டு விற்றுமுதல் என்ற நிபந்தனை பெரும்பாலும் தேவைக்கு மீறி இருக்கும். அதை ஒப்பந்த மதிப்பின் ஒன்றரை மடங்குக்குக் குறைத்து, பில்லை 60 நாளுக்குப் பதில் 15 நாளில் தீர்த்தால் பெண்களின் சிறு நிறுவனங்கள் உள்ளே வரும். கடன் கொடுக்காமலேயே செய்யும் உதவி இது.

அரைப்புள்ளி:

மூன்றாம்மாடியோடு ஒரு இடத்தில் மட்டும் வேறுபடுகிறேன். தலைமையையும் கடன் திட்டத்தையும் ஒரே குறிப்பில் வைத்தால் ஒப்புதல் ஆண்டுக்கணக்கில் தள்ளிப் போகும். கடன் பகுதியை முதலில் தனியாக நகர்த்துங்கள். பெண்களுக்கென்று தனிக் கிளையோ தனி நிறுவனமோ வைக்கும் யோசனைக்கும் இடம் கொடுக்காதீர்கள். இந்தியாவில் 2013இல் தொடங்கிய பாரதிய மகிளா வங்கி 2017 ஏப்ரலில் ஸ்டேட் வங்கியோடு இணைக்கப்பட்டது. இருக்கும் எல்லாக் கிளையிலும் நடைமுறையைத் திருத்துவதுதான் அதிகம் பேரைத் தொடும்.

மூன்றாம்மாடி:

தனி வங்கி வேண்டாம் என்பதில் உடன்பாடு. எனினும் கடன் குழுவில் ஐந்து பேரும் ஆண்களாக இருந்து, பெண் விண்ணப்பதாரரிடம் மட்டும் 'நட்டம் வந்தால் என்ன செய்வீர்கள்' என்றும், ஆணிடம் 'எவ்வளவு வளர்வீர்கள்' என்றும் கேட்டுக்கொண்டிருந்தால் நீங்கள் திருத்திய படிவம் அங்கே போய் முட்டும். தொழில் முதலீட்டாளர்களின் கேள்விகளை ஆய்ந்து 2018இல் வெளியான ஆய்வில் இந்த வேறுபாடு பதிவானது, வளர்ச்சி பற்றிக் கேட்கப்பட்டவர்களுக்கே அதிகப் பணமும் போனது. வங்கிக்கும் இது பொருந்தாது என்று நினைக்க எனக்குக் காரணம் தெரியவில்லை. குறைந்தபட்சம் குழுவின் கேள்விகளை எழுத்தில் நிலைப்படுத்துங்கள்: எல்லோருக்கும் அதே எட்டுக் கேள்வி, அதில் நான்கு வளர்ச்சி, நான்கு இடர். இதற்கு யாருடைய பதவி உயர்வுக்கும் காத்திருக்க வேண்டியதில்லை.

பேரேடு:

இரண்டையும் தரவு வழியாக இணைக்கலாம். ஆறு கிளைகளில் வரவுசெலவு சொன்ன மாற்றங்களைச் செய்து, அளவிலும் வாடிக்கையாளர் வகையிலும் ஒத்த வேறு ஆறு கிளைகளை அப்படியே விட்டு, 12 மாதம் ஒப்பிடுங்கள். தொடங்கும் முன்பே அந்த ஆறு படிகளின் எண்களையும் இரு பக்கமும் எடுத்துவிடுங்கள், பிறகு தோண்டினால் கிடைக்காது. சேமிப்பு இருப்பையும் அதே அட்டவணையில் சேருங்கள். கடன் வட்டியை மட்டும் பார்த்தால் சிறு கடன் எப்போதும் நட்டமாகத் தெரியும். அந்த வாடிக்கையாளர் வைக்கும் வைப்பு, காப்பீடு, பணப் பரிமாற்றக் கட்டணம் எல்லாம் வேறு துறைகளின் வருமானமாகப் பதிவாகிக்கொண்டிருக்கும். அவற்றை வாடிக்கையாளர் வாரியாகக் கூட்டிக் காட்டச் சொல்லி நிதித் துறைக்கு இப்போதே எழுதுங்கள். அந்த அறிக்கை வர மூன்று மாதம் எடுக்கும்.

தாமரைநூல்:

எழுதியாகிவிட்டது. ஒப்பீட்டுக் கிளைகளைத் தேர்வு செய்யும்போது மேலாளர் பெண்ணா ஆணா என்பதையும் சமப்படுத்த வேண்டுமா?

பேரேடு:

ஆமாம். இரு பக்கமும் ஒரே எண்ணிக்கையில் வைத்துக்கொள்ளுங்கள். 12 மாதத்துக்குள் மேலாளர் மாறினால் தேதியோடு குறித்துவிடுங்கள்.